கப்பல் ஊதின பிறகு பிறந்தவள்

சூலியா தெருவில், நாணயம் மாற்றும் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் திருமணத் தகவல் நிலையம். என் பெயர் ஜெயலெட்சுமி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் மூக்குக்கு மேல் வரும் என்று பினாங்கே சொல்லும், நானும் மறுப்பதில்லை. வாயில்லாப் பூச்சியால் கல்யாணம் பேசி முடிக்க முடியுமா?

ஜாதகம் கணிப்பதும் பொருத்தம் பார்ப்பதும் இப்போது என் மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியின் வேலை. சர்வர் என்பார்கள். கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் இருக்கிறவர்கூடக் கைப்பேசியிலேயே பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அனுப்பிவிடலாம். பெட்டி வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கணித்துக் கொடுத்துவிடும். நாலு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பெட்டி அது. மோகனா என்கிற பெண்ணின் ஜாதகத்தைப் போட்ட அன்றுதான் விழுந்தது.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் செல்வநாயகி. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி கஜனுக்கு இரண்டாம் கல்யாணம் பேச வந்திருந்தார். கஜன் கணக்காய்வாளர், நல்ல பிள்ளை. அவருக்குச் செவ்வாய் தோஷம். முதல் கல்யாணத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் செய்தார்கள், அது மூன்று வருஷத்தில் முறிந்தது. இந்த முறை தோஷமுள்ள பெண்தான் வேண்டும் என்பதில் செல்வநாயகி ஒற்றைக் காலில் நின்றார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர் அவர். அக்கா சரி என்றால்தான் கஜனும் சரி என்பார்.

மோகனா, அக்கரையில் பட்டர்வொர்த்தை ஒட்டிய என் பாகான் டாலாம் ஊர்க்காரி, வயது நாற்பத்து மூன்று. பாயான் லெப்பாஸில் ஒரு பெரிய தொழிற்சாலையில் யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவளுக்குப் பதினெட்டு வயதானபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு ஜோசியர் கையால் எழுதிக்கொடுத்த ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று இருந்தது. அதற்குப் பிறகு வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பிப் போனது. எத்தனை வீட்டுக்காரர்கள் என்னிடமே போன் போட்டு, "பொண்ணு தங்கம்தான், ஆனா செவ்வாய்..." என்று இழுத்திருப்பார்கள்! எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இப்போதுதான் முதல் தடவையாக அந்தத் தோஷமே அவளுக்குக் கைகொடுத்திருந்தது. கஜனும் அவளும் இரண்டு முறை சந்தித்துப் பேசியிருந்தார்கள், ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. அவரைப் பற்றிச் சொல்லும்போது மோகனாவின் குரலே மாறிவிடும், நான் கேட்டிருக்கிறேன்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். கையெழுத்து ஜாதகத்தைச் செல்வநாயகி நம்பமாட்டார், மெஷின் சொல்ல வேண்டும்.

நான் தட்டினேன். 1981 டிசம்பர் 31, இரவு 11.50, பட்டர்வொர்த். பொத்தானை அழுத்தியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியை அணைத்துப் போட்டேன். எழுந்தது, உடனே விழுந்தது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் விழுந்தது. அதற்குள் போன் அலறத் தொடங்கியது, யாருடைய ஜாதகமும் வரவில்லையாம்.

செல்வநாயகியின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன ஜெயலெட்சுமி, அந்தப் பிள்ளையின்ர குறிப்பைப் போட்ட உடனே மெஷினே விழுந்திட்டுது? எனக்கு மனசுக்குச் சரியாப் படேல்ல."

"ஐயோ அக்கா, இது மெஷின் லா. இதுக்குச் சகுனமெல்லாம் தெரியாது."

"வாற சனிக்கிழமை பின்னேரம் வாறன். அப்பவும் இப்பிடியே எண்டால் வேற இடம் பாப்பம்."

பெட்டியை விற்ற கோலாலம்பூர் கம்பெனிக்குப் போன் செய்தால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்கிறான். நான் பண்ணாத ரீஸ்டார்ட்டா? அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தேன். பெட்டிக்கு விபூதி பூசினேன், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். ஆயுத பூஜைக்கு வைத்த பழைய குங்குமம் அழிந்திருந்தது, புதிதாக வைத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை மோகனாவை அழைத்து, இப்படி இப்படி ஆகிவிட்டது அம்மா, மனதைத் தேற்றிக்கொள் என்று தொடங்கினேன். அவள் அழவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அக்கா, லாக்ல என்ன எழுதியிருக்கு?"

"எந்த லாக்?"

"சர்வர் விழறப்போ ஏன் விழறேன்னு எழுதி வெச்சுட்டுத்தான் விழும் அக்கா. யாராச்சும் அதைப் படிச்சாங்களா?"

நாலு வருஷமாக என் காலடியில் கிடக்கிற பெட்டி எழுதக்கூடச் செய்யும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் மதியம் ஃபெர்ரி பிடித்து வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் எனக்குக் கொஞ்சம் ஜெம்புட், வாழைப்பழத்தை மாவில் பிசைந்து பொரித்த உருண்டை. பெட்டியின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தாள். "காத்து போற ஓட்டையில மட்டும் விபூதி போடாதீங்க அக்கா, அதுக்கு மூச்சு முட்டும்" என்றாள். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. எனக்குக் கிரேக்கமும் அதுவும் ஒன்றுதான். அவளோ பத்திரிகை படிப்பதுபோல் சாவகாசமாகப் படித்தாள்.

"எல்லாரும் கடைசி வரியைப் பார்த்துட்டு ஓடிடுவாங்க. கடைசி வரி 'புரோகிராம் நின்னுடுச்சு'ன்னு மட்டும்தான் சொல்லும். எதனாலன்னு அதுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும்."

மேலே போனாள். டிஸ்க் நிறையவில்லை, மெமரி தீரவில்லை, மின்சாரமும் தடைப்படவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. நான் பெட்டியை எழுப்பிய ஒவ்வொரு தடவையும் ஒரே ஜாதகத்தைத்தான் அது முதலில் எடுத்திருக்கிறது, எடுத்ததும் விழுந்திருக்கிறது. பஸ் வாசலில் ஒருவர் மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்கும் யாரும் ஏற முடியாதே, அதே கதை. வரிசையின் தலையில் மாட்டிக்கொண்டிருந்தது மோகனாவின் ஜாதகம்.

அதை மட்டும் வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். பெட்டி எழுந்தது. தேங்கிக் கிடந்த ஒரு வாரத்து ஜாதகமெல்லாம் கடகடவென்று வெளியே வந்தது. எனக்கு நிம்மதியும் வந்தது, கூடவே பயமும் வந்தது. அப்படியானால் செல்வநாயகி சொன்னது சரிதானா? இந்தப் பெண்ணின் ஜாதகம்தான் ஆகாததா?

"உங்க மூஞ்சியைப் பாருங்க" என்றாள் மோகனா. "அக்கா, விழுந்த சர்வரை எழுப்பறது ஈஸி. ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம எழுப்பினா மறுபடியும் விழும். இங்க பாருங்க, காரணத்தையும் எழுதியிருக்கு."

ஒரு வரியைக் காட்டித் தமிழில் சொன்னாள்: 1981 டிசம்பர் 31, இரவு 11.50. இப்படி ஒரு நேரம் இல்லை.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இல்லையா? நீ கல்லு மாதிரி எதிர்ல உட்கார்ந்திருக்க, பிறந்த நேரம் இல்லைன்னு சொல்லுதா இந்தச் சனியன்?"

அவள் என்னைப் போல் கத்தவில்லை. பெட்டியை நம்பிவிடவும் இல்லை, திட்டவும் இல்லை; சோதித்தாள். அதே தேதிக்கு 11.20 என்று போட்டாள், ஜாதகம் வந்தது. நள்ளிரவு தாண்டி அடுத்த நாள் 12.05 என்று போட்டாள், அதுவும் வந்தது. 11.40 விழுந்தது. 11.30 விழுந்தது. 11.29 வந்தது. அந்த இரவின் கடைசி அரை மணி நேரத்தில் எதைப் போட்டாலும் விழுந்தது, அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் சரியாக இருந்தது. முந்திய வருஷத்து அதே இரவுக்குப் போட்டுப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. இருட்டில் சுவரைத் தடவி ஓட்டையின் விளிம்பைக் கண்டுபிடிக்கிற மாதிரி அவள் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தன் கல்யாணமே அந்த ஓட்டைக்குள் கிடக்கும்போது இத்தனை நிதானம் எங்கிருந்து வருகிறது இவளுக்கு என்று இருந்தது.

பிறகு வேறு எதையோ தட்டினாள். நம் நாட்டுக் கடிகாரத்தின் சரித்திரமே வரிவரியாகத் திரையில் வந்து நின்றது. ஜப்பான்காரன் வந்தபோது கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியதுகூட அதில் இருந்தது. உலகத்தில் எந்த ஊரில் எந்த அரசாங்கம் என்றைக்குக் கடிகாரத்தைத் தொட்டது என்று யாரோ சிலர் தேடித் தேடிச் சேர்த்து, ஒவ்வொரு யூனிக்ஸ் பெட்டிக்குள்ளும் வைத்திருக்கிறார்களாம். முன்பின் தெரியாத அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

அவள் சுட்டிய வரியைப் பார்த்ததும்தான் எனக்கே நினைவு வந்தது. "அடியே! அரை மணி நேரம் கூட்டினாங்களே! கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபா, சரவாக்கும் நாமும் ஒரே நேரமா இருக்கணும்னு. ரேடியோல சொல்லிக்கிட்டே இருந்தான். நான் அப்ப ஃபார்ம் ஃபோர் படிச்சுக்கிட்டிருந்தேன்."

"அதேதான் அக்கா. அன்னைக்கு ராத்திரி பதினொன்றரை ஆனதும் கடிகாரம் நேரா பன்னிரண்டுக்குத் தாவிடுச்சு. நடுவுல இருக்கிற அரை மணி நேரம் இந்த நாட்டுல நடக்கவே இல்ல. புரோகிராம் எழுதினவருக்கு இப்படி ஒருத்தி வருவான்னு தோணல, அதான் என்னைப் பார்த்ததும் கையை விரிச்சிடுச்சு."

"அப்ப உங்க அப்பா மணி பார்த்து எழுதி வெச்ச பதினொன்னு அம்பது?"

"பிரசவ விடுதிச் சுவர்க் கடிகாரம். பிள்ளை பிறக்கிற நேரத்துல யாரு ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்புவா? பழைய நேரத்துலயே ஓடியிருக்கும்."

"அப்படிச் சொல்ல முடியாது. எங்க அப்பா தூங்கப் போறப்பவே திருப்பி வெச்சுட்டாரு. அந்த விடுதியிலயும் சாயங்காலமே திருப்பியிருந்தா?"

மோகனா என்னை மெச்சுகிற மாதிரி பார்த்தாள். "நல்ல கேள்வி அக்கா" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"அம்மா, நான் பிறந்தப்போ கப்பல் ஊதினதைச் சொல்வீங்களே, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"இப்ப எதுக்கு? கேலி பண்ணவா?" என்றது அந்தப் பக்கம். "புது வருஷம் பிறந்துச்சுன்னு துறைமுகத்துல நின்ன கப்பல் எல்லாம் சேர்ந்து ஊதுச்சு. எனக்கு வலி உயிர் போகுது, இவனுங்க வேற ஊதறானுங்கன்னு நினைச்சேன். அது அடங்கி நல்லா நேரம் கழிச்சுத்தான் நீ பிறந்த. நாப்பது வருஷமா சொல்றேன், யாரு கேட்டா? பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போ கப்பல் எப்படி ஊதும், வலியில உளர்றேன்னு உங்கப்பா சாகிற வரைக்கும் சிரிச்சாரு."

மோகனா ஒலிபெருக்கியை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க சொன்னதுதான்மா சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

எனக்கும் விளங்கிவிட்டது. கப்பல்கள் ஊதியது புது நேரப்படி பன்னிரண்டு மணிக்கு; பழைய கடிகாரத்தில் அது பதினொன்றரை. கப்பல் ஊதி இருபது நிமிஷம் கழித்துப் பிள்ளை பிறந்தால் பழைய கடிகாரம் 11.50 காட்டும். தாயும் பொய் சொல்லவில்லை, கடிகாரமும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் ஒருத்தி தேவைப்பட்டாள்.

அந்த நேரம் பழைய கணக்கு என்று பெட்டிக்குப் புரியவைத்து ஜாதகத்தைப் போட்டாள். வந்த தாளை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து ஜாதகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

லக்னம் என்பது வீடுகளை எண்ணத் தொடங்கும் இடம். கையெழுத்து ஜாதகத்தில் லக்னம் சிம்மம், அதற்கு அடுத்த கன்னியில் செவ்வாய். இரண்டாம் வீட்டுச் செவ்வாய் தோஷம். அந்த ஜோசியர் நம் இன்றைய புது நேரக் கணக்கையே அன்றைக்கும் போட்டுக் கணித்திருக்கிறார், அரை மணி நேரம் பிசகிவிட்டது. சரியான நேரத்துக்கு லக்னமே கன்னிக்கு நகர்ந்துவிடுகிறது. செவ்வாய் முதல் வீடு. எங்கள் வழக்கத்தில் அது தோஷமே இல்லை.

இருபத்தைந்து வருஷம்! இல்லாத தோஷத்துக்காக எத்தனை பேர் இந்தப் பெண்ணைத் தட்டிக் கழித்தார்கள்! அந்த ஜோசியர் எதிரே இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. செல்வநாயகிக்கு வேண்டியது தோஷமுள்ள பெண். இப்போது இந்தத் தாளைக் கொடுத்தால் கஜன் கிடைக்கமாட்டார்.

மணி நாலரை. செல்வநாயகி வருகிற நேரம்.

"மோகனா, நான் சொல்றதைக் கேளு" என்றேன். "அந்த ஜோசியர் போட்ட மாதிரியே பெட்டியைப் போட வை. உன்னால முடியும்தானே?"

"முடியும் அக்கா. ரெண்டு எழுத்து மாத்தினா போதும்."

"மாத்து. யாருக்கும் தெரியாது. இருபத்தஞ்சு வருஷம் அந்தப் பொய்யால நீ பட்டது போதும், ஒரே ஒரு நாள் அது உனக்கு உதவட்டும்."

அவள் விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆசை இல்லாத முகம் இல்லை அது. கஜனின் பெயரைச் சொல்லும்போது மாறுகிற அந்தக் குரலிலேயே பேசினாள்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அக்கா. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இந்தப் பெட்டி விழறப்பகூட உண்மையை எழுதி வெச்சுட்டு விழுந்திருக்கு. நான் பொய் எழுதி எழும்பணுமா?"

எத்தனை ஜாதகத்தில் எத்தனை பேர் வயதைக் குறைத்து, சம்பளத்தைக் கூட்டி, முதல் கல்யாணத்தை மறைத்ததைப் பார்த்தவள் நான்! இப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

செல்வநாயகி வந்தார். மோகனாவை அங்கே பார்த்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். மோகனாவே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அரை மணி நேரம், கப்பல், அம்மா சொன்னது, கையெழுத்து ஜாதகத்தின் பிசகு, கடைசியாகத் தனக்குத் தோஷம் இல்லை என்பது. தாளையும் இரு கைகளால் நீட்டினாள். செல்வநாயகி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப செவ்வாய் இல்லை."

"இல்லைங்க அக்கா."

"வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்" என்று எழுந்தார்.

எங்கள் தொழிலில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். அவருடைய செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. மோகனா மறுபடியும் திரைக்குத் திரும்பிவிட்டாள். இனிமேல் அந்த அரை மணி நேரத்தில் பிறந்தவர் வந்தால் பெட்டி விழாது, ஒரு கேள்வி கேட்கும்: "உங்கள் கடிகாரம் பழைய நேரமா, புதிய நேரமா? தெரியாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள்." அதை எழுதி முடித்துத்தான் கைக்குட்டையை எடுத்தாள். நான் வேறு பக்கம் திரும்பி ஜெம்புட்டைத் தின்றேன்.

செருப்புச் சத்தம் மறுபடியும் கேட்டது. இந்த முறை மேலே ஏறியது. செல்வநாயகி மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜெயலெட்சுமி, ஒண்டு கேக்கணும். இந்தப் பிள்ளை நினைச்சிருந்தா பழைய மாதிரியே செவ்வாயோட போட்டுத் தந்திருக்கலாம்தானே?"

"ரெண்டு எழுத்து மாத்தினா போதுமாம். நானே மாத்தச் சொன்னேன். மாட்டேன்னுட்டா" என்றேன். எனக்கு என்ன வெட்கம்?

அவர் உள்ளே வந்து மோகனாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "முதல் வந்தவள் கஜனுக்கு மறைச்சது கொஞ்சநஞ்சமில்லை. நான் இவ்வளவு காலமும் செவ்வாயில பழியைப் போட்டுக்கொண்டிருந்திட்டன்" என்றார். பிறகு அவளுடைய கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். "அழாதேங்கோ பிள்ளை. உங்கட அம்மாவோட நான் கதைக்கணும். போனைப் போடுங்கோ."

மோகனாவுக்கு விரல் ஓடவில்லை, நான்தான் வாங்கிப் போட்டேன். மணி ஒருமுறைதான் அடித்தது. யார் என்றுகூடக் கேட்காமல் அந்தப் பக்கம் பொரிந்து தள்ளியது:

"கப்பல் ஊதினது முதல்ல, பிள்ளை பிறந்தது பிறகு! இன்னும் யாருக்குச் சந்தேகம்?"

"எனக்கில்லை அக்கா" என்றார் செல்வநாயகி. "நான் கஜன்ர அக்கா கதைக்கிறன்."